படகில் பாட்டு: வயர், பேட்டரி, ஃபியூஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ, தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டங்களில் சின்ன ஃபைபர் படகு வைத்திருப்பவர்கள் பலர். சனி ஞாயிறு பெர்னாம் ஆற்றிலோ பேராக் ஆற்றிலோ இறாலுக்குத் தூண்டில் போடப் போகிறவர்கள், இப்போது படகில் நல்ல பாட்டும் வேண்டும் என்கிறார்கள். காருக்குச் செய்வது போலவே படகுக்கும் செய்துவிட்டு, பிறகு ஆற்று நடுவில் இஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதுதான் வழக்கமாக நடக்கிறது.

கணக்குகளுக்கு ஓர் உதாரணப் படகை வைத்துக்கொள்வோம். 18 அடி ஃபைபர் படகு. 60 குதிரைத்திறன் நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் இஞ்சின். ஆறரை அங்குல ஸ்பீக்கர் நான்கு, ஒவ்வொன்றும் 50 வாட். 10 அங்குல சப்வூஃபர் ஒன்று, 200 வாட். ஆக மொத்தம் 400 வாட். எல்லாம் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தாங்கும் அளவின் கணக்கு. பெட்டியில் அச்சடித்திருக்கும் "2000 வாட் மேக்ஸ்" என்பதை எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம்.

முதலில் எதை வாங்க வேண்டும்? ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபயரா?

இரண்டும் இல்லை. முதலில் பேட்டரி, வயர், ஃபியூஸ், சுவிட்ச். கையில் உள்ள காசை எல்லாம் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மிச்சத்தில் வயர் வாங்குகிறவர்கள்தான் அதிகம். மெல்லிய வயரில் 400 வாட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), நல்ல வயரில் ஓடும் 200 வாட் ஆம்ப் அளவுக்குக்கூட சுத்தமாகப் பாடாது. பணம் குறைவென்றால் சப்வூஃபரை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப் போடுங்கள், வயரைக் குறைக்காதீர்கள்.

என் ஆம்ப் எவ்வளவு கரண்ட் இழுக்கும்?

கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) என்றால் முழுச் சத்தத்தில் ஏறக்குறைய 80 சதவீதத் திறன் என்று வைக்கலாம். 400 வாட்டை 0.8-ஆல் வகுத்தால் 500 வாட். அதை 12.5 வோல்ட்டால் வகுத்தால் 40 ஆம்ப் (கரண்டின் அளவான ஆம்பியர்). பழைய கிளாஸ் ஏபி ஆம்ப் அதே 400 வாட்டுக்கு 55, 60 ஆம்ப் வரை இழுக்கும், மீதி எல்லாம் சூடாகப் போகும். படகில் கிளாஸ் டி-யைத் தவிர வேறு எதையும் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

இந்த 40 ஆம்ப் வயருக்கும் ஃபியூஸுக்கும் மட்டும் உள்ள கணக்கு. பாட்டு ஏறி இறங்கும், டிரம் அடி விழும் நொடியில்தான் உச்சம் தொடும். நல்ல சத்தமாகக் கேட்டாலும் சராசரி 6 முதல் 10 ஆம்ப்தான். பேட்டரிக்கு இந்தச் சராசரியை எடுங்கள். இரண்டையும் மாற்றிப் போட்டால் பேட்டரி வாங்குவதில் பணம் வீணாகும், இல்லாவிட்டால் வயர் வேகும்.

இருக்கிற ஒரே பேட்டரியில் எல்லாவற்றையும் ஓட்டக் கூடாதா?

கூடாது. ஸ்டார்ட் பேட்டரி சில நொடிகள் பெரிய கரண்ட் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏறுவதற்காகச் செய்யப்பட்டது. அதில் மணிக்கணக்கில் பாட்டு ஓட்டினால் தகடு சீக்கிரம் கெட்டுப்போகும். அதைவிட முக்கியம், அலையாத்தி ஓரத்தில் நங்கூரம் போட்டு இரவு பத்து மணிக்குச் சாவியைத் திருப்பும்போது "டக்" என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். 60 குதிரைத்திறன் இஞ்சினைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது எல்லாருக்கும் ஆகிற காரியம் இல்லை.

ஆகவே இரண்டு பேட்டரி. ஒன்று இஞ்சினுக்கு மட்டும். இன்னொன்று பாட்டு, விளக்கு, மீன் பார்க்கும் கருவி இவற்றுக்கு. இரண்டின் பாசிட்டிவையும் ஒரு வோல்ட்டேஜ் ரிலே வழியாக இணைக்கலாம். இஞ்சின் ஓடி வோல்ட் 13.3 பக்கம் ஏறினால் ரிலே தானாக மூடி இரண்டையும் சார்ஜ் செய்யும். இஞ்சின் நின்று 12.8 பக்கம் இறங்கினால் திறந்து இரண்டையும் பிரித்துவிடும். ரிலேக்கு ரிலே இந்த எண்கள் கொஞ்சம் மாறும். நெகட்டிவ் இரண்டும் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும், அதை மறந்தால் ரிலே வேலையே செய்யாது. ரிலேயிலிருந்து போகும் வயரின் இரண்டு முனையிலும் ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது.

"1-2-இரண்டும்" என்று திருப்பும் கைச் சுவிட்ச் மலிவு, நம்பகமானதும்கூட. ஆனால் திருப்ப வேண்டியவர் மறப்பார். "இரண்டும்" என்ற இடத்தில் விட்டுவிட்டு ஆறு மணி நேரம் பாட்டுக் கேட்டால் இரண்டு பேட்டரியும் ஒன்றாகக் காலி. இன்னொரு விஷயம்: இஞ்சின் ஓடும்போது சுவிட்சை "ஆஃப்" வரை திருப்பினால் இஞ்சினின் ரெக்டிஃபயர் (ஏசி மின்சாரத்தை டிசி ஆக்கும் பகுதி) டயோடு போய்விடக்கூடும்.

எத்தனை ஆம்ப்-ஹவர் பேட்டரி போதும்?

மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை ஆறு மணி நேரம், சராசரி 8 ஆம்ப் என்றால் 48 ஆம்ப்-ஹவர். மீன் கருவியும் எல்இடி விளக்கும் சேர்ந்து ஒன்றரை ஆம்ப் என்று வைத்தால் இன்னொரு 9. ஆக 57.

100 ஆம்ப்-ஹவர் டீப் சைக்கிள் (நீண்ட நேரம் கரண்ட் கொடுக்கும் வகை) ஈய பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்குக் கீழே போனால் ஆயுள் குறையும். அதாவது 50. நம் கணக்குக்குக் கொஞ்சம் பற்றாது. சத்தத்தைக் குறையுங்கள், அல்லது 120-க்குப் போங்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 100 ஆம்ப்-ஹவரில் 80 தாராளமாக எடுக்கலாம்.

எடையையும் பாருங்கள். 100 ஆம்ப்-ஹவர் ஈய பேட்டரி 28, 30 கிலோ வரும். அதைத் தோட்டத்து வீட்டிலிருந்து காப்சாய் எனும் சின்ன மோட்டார் சைக்கிளில் வைத்து ஜெட்டிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து படிக்கட்டில் இறக்க வேண்டும். லித்தியம் 12 கிலோ பக்கம். படகைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு பேட்டரியை வீட்டில் சார்ஜ் போடுகிறவர்களுக்கு, விலை அதிகமானாலும் லித்தியம்தான் நிம்மதி.

ஈய பேட்டரியின் அளவு பார்க்க: எல்லாவற்றையும் அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்தால் 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. லித்தியத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் வோல்ட் கடைசிவரை பெரிதாக இறங்காமல் திடீரென்று விழும், ஆகவே ஷன்ட் (ஓடும் கரண்டை அளக்கும் துண்டு) வைத்த பேட்டரி மானிட்டர் போட வேண்டும்.

இஞ்சின் ஓடினால் சார்ஜ் ஏறிவிடுமே?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கார் ஆல்டர்னேட்டர் வேறு, அவுட்போர்டு வேறு. நடுத்தர நான்கு-ஸ்ட்ரோக் அவுட்போர்டுகள் 15 முதல் 35 ஆம்ப் வரை கொடுக்கும் என்று கையேட்டில் இருக்கும். அது உயர் ஆர்பிஎம்மில். மெதுவாக ஆற்றில் ஊர்ந்து போகும்போது அதில் சிறு பங்குதான் வரும். அரை மணி நேரம் ஓடிப்போனால் 15 ஆம்ப் இஞ்சின் அதிகபட்சம் ஏழெட்டு ஆம்ப்-ஹவர்தான் திருப்பித் தரும். நீங்கள் செலவழித்தது 57.

மிச்சத்தை வீட்டுச் சார்ஜர்தான் நிரப்ப வேண்டும். 10 ஆம்ப் சார்ஜர் என்றால் ஒரு ராத்திரி. படகு வாரம் முழுக்க ஜெட்டியில் வெயிலில் நிற்கிறது என்றால் 100 வாட் சோலார் பலகை நல்ல யோசனை. நம் நாட்டு வெயிலில், இழப்பெல்லாம் போக ஒரு நாளைக்கு 20, 25 ஆம்ப்-ஹவர் எதிர்பார்க்கலாம். வெள்ளிக்கிழமைக்குள் பேட்டரி நிறைந்துவிடும். சார்ஜ் கன்ட்ரோலர் இல்லாமல் பலகையை நேராக மாட்ட வேண்டாம்.

என்னுடையது பழைய இரண்டு-ஸ்ட்ரோக் 40 குதிரைத்திறன் இஞ்சின். அதிலிருந்து வயர் எடுக்கலாமா?

முதலில் அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் பழைய இஞ்சின்கள் பலவற்றில் விளக்குக்கான காயில் மட்டும்தான் இருக்கும். அதிலிருந்து வருவது ஏசி, ஆர்பிஎம் ஏற ஏற வோல்ட்டும் ஏறும். ரெக்டிஃபயரும் ரெகுலேட்டரும் சேர்ந்த பெட்டி ஒன்றைப் போடாமல் பேட்டரியில் இணைக்கவே கூடாது. வெறும் ரெக்டிஃபயர் மட்டும் இருந்தால், பேட்டரி நிறைந்த பிறகு முழு வேகத்தில் 15 வோல்ட்டைத் தாண்டும், ஹெட் யூனிட்டை (ரேடியோ, பாட்டுப் பெட்டி) கொன்றுவிடும். இந்த மாதிரி இஞ்சினுக்குப் பாட்டுப் பேட்டரியைத் தனியாக வைத்து, வீட்டில் சார்ஜ் போட்டு, இஞ்சினோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஓட்டுவதே நல்லது.

லித்தியத்தை இஞ்சினோடு நேராக இணைத்தால் என்ன?

லித்தியம் கொடுக்கிற கரண்டையெல்லாம் குடிக்கும். இஞ்சினின் சார்ஜிங் காயில் முழு உச்சத்தில் நீண்ட நேரம் ஓடி வேகும். அதோடு பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுச் சுற்று) ஏதோ காரணத்துக்காகப் பட்டென்று துண்டித்தால், போக இடமில்லாத கரண்ட் வோல்ட்டை மேலே தள்ளி மற்றக் கருவிகளைப் பதம் பார்க்கும். ஸ்டார்ட்டுக்கு ஈய பேட்டரியை வைத்து, அதிலிருந்து டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றை அளவோடு சார்ஜ் செய்யும் கருவி) வழியாக லித்தியத்துக்குக் கொடுங்கள். இஞ்சினின் வெளியீட்டில் பாதிக்கு மேல் போகாத சார்ஜராகப் பாருங்கள். டிசி-டிசி சார்ஜர் இருந்தால் மேலே சொன்ன ரிலே தேவையில்லை.

எத்தனை கேஜ் வயர்?

நம் உதாரணத்தில் பேட்டரி பின்னால், ஆம்ப் நடு கன்சோலுக்குள். வயர் வளைந்து போகும் வழி 3 மீட்டர். போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர். ஒரு வழியை மட்டும் கணக்கிடுவது வழக்கமான தவறு. 40 ஆம்புக்கு:

4 கேஜ், அதாவது 21 சதுர மி.மீ. செம்பு: 0.2 வோல்ட் இழப்பு, 1.6 சதவீதம். நல்லது.
8 கேஜ், 8.4 சதுர மி.மீ.: அரை வோல்ட், 4 சதவீதம். தாங்கும், ஆனால் பேஸ் அடியில் சோர்வு தெரியும்.
10 கேஜ், 5.3 சதுர மி.மீ.: 0.8 வோல்ட், 6 சதவீதத்துக்கு மேல். வேண்டாம்.

3 சதவீதத்துக்குள் இருக்கும்படி பாருங்கள். நெகட்டிவ் வயரும் அதே தடிமன். "நெகட்டிவ்தானே" என்று மெல்லிசாகப் போட்டால் பாசிட்டிவில் கொட்டிய காசு வீண். ஹெட் யூனிட்டுக்கு 14 கேஜ், ஸ்பீக்கருக்கு 16 கேஜ் போதும். சப்வூஃபருக்கு 12.

ஷாப்பி இணையக் கடையில் 4 கேஜ் மலிவாகக் கிடைக்கிறதே?

அதில் பலவும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். செம்பின் கடத்தும் திறனில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. சில வயரில் பிளாஸ்டிக் உறை தடிப்பாக இருக்கும், உள்ளே கம்பி மெல்லிசாகத்தான் இருக்கும். உப்புக் காற்று பட்டால் செம்போடு ஒட்டியிருக்கும் அலுமினியம் அரிபட்டு, முனையில் வெள்ளைப் பொடி கட்டும். கடல் ஏற்றம் இங்கே ஆற்றுக்குள் வெகுதூரம் வரும், "நான் கடலுக்கே போவதில்லை" என்பது தப்பிக்கும் வழி இல்லை.

சோதிப்பது சுலபம். ஒரே ஒரு இழையைப் பிரித்தெடுத்து பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். வெளியே வெள்ளையாகவும் சுரண்டினால் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, படகுக்கு ஏற்ற வயர். வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். சந்தேகம் தீராவிட்டால் அந்த இழையை லைட்டர் நெருப்பில் பிடியுங்கள். செம்பு சிவந்து அப்படியே நிற்கும். அலுமினியம் துவண்டு உருகித் தொங்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு தெரியும், செம்பு நன்றாகக் கனக்கும்.

எண்ணெய் ஆலையில் மிஞ்சிய கேபிள் கிடைக்கிறது. 16 சதுர மி.மீ., அசல் செம்பு. அது ஆகாதா?

கரண்ட் தாங்கும். சிக்கல் அதன் இழைகளில். கட்டட, ஆலைக் கேபிள்களில் தடித்த ஏழு இழைகள்தான் இருக்கும். சுவருக்குள் அசையாமல் கிடக்கச் செய்தது. படகு அலையில் அடிபட அடிபட, லக்குக்கு (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) பக்கத்தில் இழை ஒவ்வொன்றாக ஒடியும், வெளியே ஒன்றும் தெரியாது. வெள்ளீயப் பூச்சும் இல்லை, ஈரம் உள்ளே ஏறிக் கறுக்கும். வெல்டிங் கேபிள் இதைவிடப் பரவாயில்லை, மெல்லிய இழைகள், நன்றாக வளையும். முனைகளை நன்றாக மூடினால் சில வருடம் ஓடும். பெட்ரோலும் எண்ணெயும் படுகிற இடத்தில் அதன் ரப்பர் உறை ஊறிப் போய்விடும், அங்கே மட்டும் தவிருங்கள்.

முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போதுமா?

பற்றவைத்த இடம் விறைத்துப்போகும், அது முடியும் விளிம்பில் வயர் ஒடியும். சூடேறினால் ஈயம் இளகவும் செய்யும். சரியான அளவு லக் போட்டு, அதற்குரிய கருவியால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். சுத்தியலும் உளியும் வேண்டாம். நசுக்கிய பிறகு பலமாக இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் அது இன்றைக்கே வந்தது நல்லதுதான். மேலே உள்பக்கம் பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாய். சூடு காட்டும்போது இரண்டு முனையிலும் பசை ஒரு கோடாகப் பிதுங்கி வெளியே வர வேண்டும், அதுதான் தண்ணீர் புகாது என்பதற்கு அடையாளம். கறுப்பு ஒட்டு டேப் இந்த வெயிலில் சில மாதத்தில் பிசுபிசுத்துக் கழன்றுவிடும்.

ஃபியூஸ் எங்கே, எத்தனை ஆம்ப்?

பேட்டரி பாசிட்டிவிலிருந்து 18 சென்டிமீட்டருக்குள். அமெரிக்கப் படகுத் தரமான ஏபிஒய்சி சொல்லும் 7 அங்குலம் இதுதான். ஃபியூஸ் காப்பது ஆம்பை அல்ல, வயரை. ஃபியூஸை ஆம்புக்குப் பக்கத்தில் போட்டால், பேட்டரியிலிருந்து அதுவரை வரும் 3 மீட்டர் வயருக்குக் காவல் இல்லை. நடுவில் எங்காவது உரசி நெகட்டிவைத் தொட்டால் வயர் முழுவதும் பழுத்து எரியும், ஃபைபர் படகும் கூடவே எரியும்.

ஆம்பின் மேல் இருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டுங்கள். இரண்டு 25 இருந்தால் 50. அடுத்த அளவு 60 ஆம்ப் ஏஎன்எல் வகை ஃபியூஸ் அல்லது பேட்டரி முனையிலேயே திருகும் எம்ஆர்பிஎஃப் வகை. 4 கேஜ் செம்புக்கு இது பத்திரமான அளவு. ஹெட் யூனிட்டுக்குத் தனியாக 10 அல்லது 15. கண்ணாடி மூடி போட்ட மலிவான ஏஎன்எல் பெட்டிகளில் திருகு இரும்பாக இருக்கும், ஒரு மழைக்காலத்தில் துரு ஏறி அந்த இடமே சூடாகும். தகர முலாம் பூசிய பித்தளையோ எவர்சில்வரோ பார்த்து வாங்குங்கள்.

அடிக்கடி ஃபியூஸ் போகிறது. பெரியதாகப் போட்டால்?

வேண்டாம். காரணத்தைத் தேடுங்கள்.

பெட்ரோல் டாங்க் பக்கத்தில் பேட்டரியும் ஆம்பும் இருக்கலாமா?

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாது, படகின் அடித்தட்டில் தேங்கிக் கிடக்கும். சின்னப் படகில் சிவப்பு டாங்க், பேட்டரி, சுவிட்ச் எல்லாம் பின்பக்கத்து ஒரே பொந்தில்தான் அடைந்திருக்கும். சாதாரண கார் ரிலே, சுவிட்ச் இவற்றுக்குள் ஒவ்வொரு முறையும் சிறு பொறி பறக்கும். அந்த இடத்தில் போடும் சுவிட்சும் ஃபியூஸ் பெட்டியும் "இக்னிஷன் புரொட்டக்டட்" என்று குறித்ததாக இருக்க வேண்டும், ஐஎஸ்ஓ 8846 என்ற எண்ணைத் தேடுங்கள். ஆம்பையும் மற்ற ரிலேக்களையும் கன்சோலுக்கு நகர்த்திவிடுங்கள். பாட்டைப் போடும் முன் அந்த மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், இதற்குக் கருவி தேவையில்லை.

பில்ஜ் பம்பையும் (படகுக்குள் சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்) பாட்டு ஓடும் மெயின் சுவிட்சிலேயே போட்டுவிட்டேன்.

இன்றைக்கே மாற்றுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். திறந்த படகு ஜெட்டியில் கட்டியிருக்கிறது, ராத்திரி முழுக்க கனத்த மழை. தானியங்கிப் பம்ப் வேலை செய்தால்தான் காலையில் படகு மிதக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனால் பம்பும் அணைந்துவிடும். சுவிட்சைப் போட்டபடி விட்டால் ஹெட் யூனிட்டும் ஆம்பும் சொட்டுச் சொட்டாக பேட்டரியைக் குடித்துவிடும். இரண்டிலும் படகு முழுகும். பம்பின் மிதவைச் சுவிட்ச் நேராக பேட்டரியிலிருந்து, தன் சொந்த ஃபியூஸோடு, எந்தச் சுவிட்சும் குறுக்கே இல்லாமல் போக வேண்டும். ஸ்டார்ட் பேட்டரியிலிருந்து எடுங்கள், பாட்டு அதைத் தொடாது.

எல்லாம் அணைத்திருந்தும் இரண்டு வாரத்தில் பேட்டரி இறங்குகிறது.

ஹெட் யூனிட்டின் மஞ்சள் வயர். கடிகாரமும் நினைவும் வைத்திருக்க அது எப்போதும் 10, 20 மில்லி ஆம்ப் இழுக்கும். 20 என்றால் மாதம் 14 ஆம்ப்-ஹவருக்கு மேல். தினமும் ஓடும் காருக்கு அது ஒன்றும் இல்லை. மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து பாட்டுச் சுவிட்சின் பின்னால் மாட்டிவிட்டால் முடிந்தது. சில ஹெட் யூனிட் ஸ்டேஷனை மறந்துவிடும், மறுபடி பிடித்துக்கொள்ளலாம். நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்பை எழுப்பும் ரிமோட் வயர். அதை நேராக 12 வோல்ட்டில் மாட்டினால் ஆம்ப் ராப்பகலாக விழித்திருக்கும்.

கார் ஸ்பீக்கர் வீட்டில் சும்மா கிடக்கிறது.

காகிதக் கூம்பும் இரும்புச் சட்டமும் என்றால் ஒரு சீசன். போட்டுக் கேளுங்கள், ஆனால் ஓட்டை வெட்டும்போதே பின்னால் வரப்போகும் படகு ஸ்பீக்கரின் அச்சுத்தாளை வைத்து வெட்டுங்கள். ஃபைபரில் வெட்டுமுன் காகித டேப் ஒட்டிக் கோடு போட்டு, மெல்லிய பல் கொண்ட ஜிக்சாவில் மெதுவாக. முகமூடி கட்டாயம். வெட்டிய இடத்தில் ஒட்டுப்பலகை தெரிந்தால் எபாக்சி பூசி மூடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் குடித்து ஊறும்.

காம்பஸ் வைத்திருப்பவர்கள் ஸ்பீக்கரை அதிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். காந்தம் ஊசியைத் திருப்பிவிடும், இருட்டில் முகத்துவாரத்துக்கு வெளியே போகும்போதுதான் அது தெரியவரும்.

கோயில் திருவிழா ஹார்ன் ஸ்பீக்கரை மாட்டலாமா?

பேச்சுக்கு நன்றாக இருக்கும், பாட்டுக்கு இல்லை. அதில் பேஸ் வராது. ஹார்னுக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால் அது 100 வோல்ட் லைனுக்கானது, கார் ஆம்பில் மாட்டினால் முனகும். ஆற்றோரத்துக் கம்பத்துக்காரர்கள் (கிராமத்தார்) தூங்குவதையும் நினைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் மேல் சத்தம் வெகுதூரம் போகும்.

வீட்டு ஆம்ப்ளிஃபயரை இன்வர்ட்டர் வைத்து ஓட்டினால் செலவு மிச்சமாகுமே?

ஈரப் படகில் 230 வோல்ட். பேச்சுக்கே இடமில்லை.

ஆம்பை எங்கே, எப்படிப் பொருத்துவது?

கன்சோலுக்குள், தரையிலிருந்து உயரத்தில், காற்று போகும் இடத்தில். படகின் உடம்பில் நேராகத் திருகக் கூடாது. எபாக்சி பூசி மூடிய அரை அங்குல ஒட்டுப்பலகையை எபாக்சியால் ஒட்டி, அதில் 316 எவர்சில்வர் திருகால் பிடியுங்கள். வயர் கீழிருந்து ஏறி ஆம்புக்குள் நுழையட்டும். மேலிருந்து இறங்கினால் தண்ணீர் வயரோடு வழிந்து நேராக உள்ளே போகும். எல்லா நெகட்டிவும் ஒரே பஸ்பாரில் (பல வயர்களைச் சேர்க்கும் உலோகப் பட்டை). அலுமினியப் படகென்றால் உடம்பை நெகட்டிவாக ஒருபோதும் பயன்படுத்த வேண்டாம், கசியும் கரண்ட் தகட்டை ஓட்டையாக்கும்.

இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே சேனலில் பக்கவாட்டில் சேர்த்தால் 2 ஓம். பிரிட்ஜ் செய்த (இரண்டு சேனலை ஒன்றாக்கிய) ஆம்ப் பெரும்பாலும் 4 ஓமுக்குக் கீழே தாங்காது, கையேட்டைப் பாருங்கள். ஸ்பீக்கர் மைனஸை எர்த்திலோ இன்னொரு ஸ்பீக்கர் மைனஸோடோ சேர்க்க வேண்டாம்.

கெயின் எவ்வளவு திருப்புவது?

கெயின் சத்தக் கட்டை அல்ல, ஹெட் யூனிட்டின் வெளியீட்டுக்கு ஆம்பைப் பொருத்தும் திருகு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, டோன் எல்லாம் பூஜ்யத்தில், ஃபில்டர் அணைத்து, ஹெட் யூனிட் சத்தம் முக்கால் அளவில் வைத்து, 100 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓட்டுங்கள். மலிவான மல்டிமீட்டர் 1000 ஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டும், அதனால்தான் 100. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப் வெளியீட்டை அளக்க வேண்டும். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரவேண்டிய வோல்ட்: 50 வாட், 4 ஓம் என்றால் 14.1. 200 வாட், 4 ஓம் சப்வூஃபர் என்றால் 28.3. அதற்கு மேல் போனால் ஒலி அலை மேலும் கீழும் வெட்டுப்பட்டு காயில் கருகும். பிறகு நான்கு ஸ்பீக்கருக்கும் ஹை பாஸ் ஃபில்டரை (தாழ்ந்த ஒலியைத் தடுப்பது) 80 அல்லது 100 ஹெர்ட்ஸில் போடுங்கள்.

இஞ்சின் ஓடினால் "ஙீ" என்று ஒரு சத்தம் கூடவே ஏறுகிறது.

வேகத்தோடு ஏறி இறங்கினால் சார்ஜிங்கிலிருந்து, "டிக் டிக்" என்றால் ஸ்பார்க் பிளக்கிலிருந்து. முதலாவதுக்கு: ஆம்பை அணைத்து, ஹெட் யூனிட்டிலிருந்து ஒலி கொண்டுவரும் ஆர்சிஏ கம்பிகளைக் கழற்றிவிட்டு, ஆம்பை மட்டும் மறுபடி போடுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றம் ஹெட் யூனிட் பக்கம். அதன் நெகட்டிவைப் பக்கத்தில் கிடைத்த திருகில் மாட்டாமல், ஆம்ப் இருக்கும் அதே பஸ்பாருக்குக் கொண்டுபோங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும். ஆர்சிஏ கம்பியைப் பவர் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து மறுபக்கமாக விடுங்கள். இரண்டாவதுக்கு, பிளக் எண்ணில் ரெசிஸ்டரைக் குறிக்கும் எழுத்து இருக்கிறதா பாருங்கள். என்ஜிகே பிளக்கில் அது "ஆர்".

மின்னல் எஃப்எம் வானொலி கேட்கும்போது மட்டும் இரைச்சல் என்றால் யுஎஸ்பி போன் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், அடுத்து எல்இடி விளக்கை அணைத்துப் பாருங்கள். இரண்டில் ஒன்றுதான். ஆன்டெனா கார் வகை என்றால் அதற்குக் கீழே இரும்புக் கூரை வேண்டும், ஃபைபரில் அது கிடையாது. கீழே உலோகத் தகடு தேவைப்படாத படகு ஆன்டெனா வாங்குங்கள்.

பேஸ் அடிக்கும்போது விளக்கு மங்குகிறது, ஆம்ப் அணைந்து அணைந்து எரிகிறது.

சத்தமாகப் பாட்டை விட்டு, மீட்டரை முதலில் பேட்டரி முனையில் வையுங்கள், பிறகு ஆம்ப் முனையில். பேட்டரியிலேயே 11.5-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி சரியில்லை அல்லது காலி. பேட்டரியில் 12.5 இருந்து ஆம்பில் 11.4 என்றால் வழியில் எங்கோ 1.1 வோல்ட் தின்னப்படுகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை ஃபியூஸின் அந்தப் பக்கத்திலும் வைத்து, அங்கிருந்து சுவிட்ச், பஸ்பார் என்று ஒவ்வொரு இணைப்பாக நகருங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் குபுக்கென்று ஏறுகிறதோ அதுதான் இடம். விரலால் தொட்டாலும் அந்த லக் மட்டும் சூடாக இருக்கும். நெகட்டிவ் பக்கத்தையும் இதே போல் பாருங்கள், அங்கேதான் பாதி நேரம் இருக்கும்.

ஆற்றில் எவ்வளவு சத்தம் வைக்கலாம்?

ஊத்தான் மெலிந்தாங் மீன்பிடிப் படகுகள் இருட்டிலும் வரும் போகும். 1972 சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளின் 5-வது விதி கண்ணாலும் காதாலும் கவனித்திருக்கச் சொல்கிறது. படகு ஓடும்போது பக்கத்துப் படகின் ஹார்ன் கேட்கும் அளவுக்குக் குறைத்து வையுங்கள். நங்கூரம் போட்ட பிறகு, வெள்ளை விளக்கையும் போட்டுவிட்டு, கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.